ஆன் ஹட்சின்சன் கேட்ட கேள்வி

அன்புள்ள கயல்,

மதச் சுதந்திரம் தேடி இங்கிலாந்தை விட்டுப் போன பியூரிட்டன்கள், போன இடத்தில் அடுத்தவரை ஏன் துரத்தினார்கள் என்று கேட்டிருந்தாய். அவர்கள் தேடியது தங்கள் வழியில் வாழும் சுதந்திரம், எல்லோருக்குமானது அல்ல. ஆனால் அப்படித் துரத்தப்பட்ட ஆன் ஹட்சின்சனின் விவகாரம் புரிய இந்தப் பதில் போதாது.

யாருக்கு இரட்சிப்பு என்பதைக் கடவுள் ஆதியிலேயே முடிவு செய்துவிட்டார், நற்செயல்களால் அதைச் சம்பாதிக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியானால் நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று எப்படி அறிவது? தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. ஒழுக்கமான வாழ்வு ஓர் அடையாளம் என்று பெரும்பாலான போதகர்கள் தேற்றினார்கள். அவர்கள் குடியேறிய மாசசூசெட்ஸில் இது வெறும் ஆறுதல் இல்லை. அங்கே 1631 முதல் சபை உறுப்பினரான ஆண்களுக்கே வாக்குரிமை. உறுப்பினராக வேண்டுமென்றால், கிருபை தன்னைத் தொட்ட விதத்தைச் சொல்லிச் சபையை நம்பவைக்க வேண்டும் என்ற வழக்கமும் விரைவில் வந்துவிட்டது. ஆக, இரட்சிப்பின் அடையாளத்தை எடைபோடுகிறவர் கையில்தான் ஆட்சியும்.

1634இல் பாஸ்டனுக்கு வந்த ஆன், பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர். பிரசங்கங்களைப் பற்றிப் பேச அவர் வீட்டில் பெண்கள் கூடினார்கள். பிறகு ஆண்களும் வந்தார்கள். நடத்தையை அடையாளமாகக் காட்டுகிற போதகர்கள் கிருபையை விட்டுக் கிரியைகளைப் போதிக்கிறார்கள் என்றார் ஆன். இரட்சிப்பின் உறுதியை ஆவியானவரே உள்ளத்தில் தருவார் என்பது அவர் கட்சி. அப்படியென்றால் போதகரின் சான்றிதழ் எதற்கு?

1637 நவம்பரில் விசாரணை. ஆளுநர் வின்த்ரோப்பே வழக்குத் தொடுப்பவர், அவரே நீதிபதி! பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்லும் ஐந்தாம் கட்டளையை ஆன் மீறினாராம். ஆட்சியாளர்களும் பெற்றோர் ஸ்தானமாம். மூத்த பெண்கள் இளையவர்களுக்குப் போதிக்கலாம் என்று வேத வசனத்தைக் காட்டி மடக்கினார் ஆன். மறுநாள், போதகர்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்லட்டும் என்றார், அவர்கள் தயங்கினார்கள். வழக்கு ஆட்டம் கண்ட நேரத்தில், கடவுள் தனக்கு நேரடியாக வெளிப்படுத்தினார் என்று அவரே சொல்லிவிட்டார். அகப்பட்டுக்கொண்டார் என்பார்கள் சிலர். மனதிலிருந்ததை மறைக்க விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாடுகடத்தல் தீர்ப்பானது. காரணம் கேட்டார். நீதிமன்றத்துக்குத் தெரியும், அது போதும் என்றார் வின்த்ரோப். 1638 மார்ச்சில் சபையும் விலக்கியது. அன்று ஆனுடன் எழுந்து வெளியேறிய மேரி டயரை, குவேக்கர் என்னும் வேறு கிறிஸ்தவப் பிரிவினராகத் திரும்பி வந்ததற்காக, 1660இல் அதே பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

விசாரணைக் குறிப்பு அச்சில் கிடைக்கிறது. 1767இல் அதை வெளியிட்ட தாமஸ் ஹட்சின்சன், ஆனின் வம்சத்தவர். பிற்பாடு அதே மாசசூசெட்ஸுக்கு ஆளுநரானவர். தேடிப் படி. வின்த்ரோப் பதில் சொல்லாமல் நழுவும் இடங்களில் கோடிட்டுக்கொண்டே போ.

அன்புடன்,
பெரியப்பா