செயற்கை முடி வேர் பிடிக்குமா?

சம்பளம் வாங்கிய மறுநாள் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்சுக்கோ செல்லும் நம் தோட்டத்து இளைஞர்களின் கண்களில், வழுக்கைக்கு உடனடித் தீர்வு தருவதாகக் கூறும் விளம்பரங்கள் படாமலிரா. கைத்தொலைபேசியிலும் அவை வருகின்றன. பெண் பார்க்கும் வயதில் முடி கொட்டினால் மனம் வருந்துவது இயல்பே. அவ்வருத்தத்தில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தையும் தலைத்தோலின் நலத்தையும் ஒருங்கே இழந்துவிடலாகாது என்பதற்காகவே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

முதலில் காரணத்தை அறிவோம். நம் தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்தல் இயற்கை. ஆண்களுக்கு ஏற்படும் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. கடுங்காய்ச்சலுக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் கொட்டும் முடி, பெரும்பாலும் தானாகவே மீண்டும் வளர்ந்துவிடும். இரத்தச்சோகை, தைராய்டுக் கோளாறு, தலையில் தோன்றும் படை ஆகியவற்றாலும் முடி கொட்டும். நோய் வேறாயின் மருந்தும் வேறாகும் அன்றோ?

இனி, முடி நடுதலைப் பற்றிக் காண்போம். இதில் இரு வகை உண்டு. ஒருவருடைய சொந்த முடியையே பின்தலையிலிருந்து வேருடன் எடுத்து முன்தலையில் நடுவது ஒன்று. அக்ரிலிக், பாலியெஸ்டர் போன்றவற்றால் செய்த செயற்கை இழைகளைத் தோலினுள் நுழைப்பது மற்றொன்று. இரப்பர் கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதை அறிந்த நமக்கு இவற்றின் வேறுபாடு எளிதில் விளங்கும். உயிருள்ள மொட்டு கன்றைப் பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் துண்டு பற்றுமா?

செயற்கை இழை வளர்வதில்லை. உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி வெளியே தள்ள முயலும். இழை நுழைந்த துளை வழியே கிருமிகள் புகுந்து, வீக்கமும் சீழும் உண்டாகலாம். இழை முறிந்து உள்ளே தங்கிவிட்டால் அதனை எடுப்பது கடினம். உளி ஆழமாகப் பட்ட மரத்தில் புதுப்பட்டை செவ்வனே வளராமல் முண்டு விழுவதை நாம் அறிவோம். அவ்வாறே தழும்பேறிய தோலில், முன்பிருந்த சொந்த முடியும் வளராது போகும். இத்தகைய தீங்குகளைக் கண்ட அமெரிக்க அரசு, 1983ஆம் ஆண்டிலேயே தலையில் செயற்கை இழை பதிப்பதைத் தடைசெய்தது. மருத்துவச் சாதனம் ஒன்றுக்கு அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் விதித்த முதல் தடை இதுவேயாகும்.

சொந்த முடியை நடுவதும் அறுவைச் சிகிச்சையே என்பதை மறத்தல் கூடாது. 2016 மே மாதம் சென்னையில் இச்சிகிச்சை பெற்ற 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். சிகிச்சை நடந்த இடத்திற்கு முடிதிருத்தும் நிலையத்திற்கான உரிமம் மட்டுமே இருந்ததெனத் தெரியவந்து, அதிகாரிகள் அதற்கு முத்திரையிட்டனர். மருத்துவம் பயின்றவருக்கே இந்நிலை நேர்ந்ததென்றால், நாம் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

ஆகவே, பின்வருவனவற்றை நினைவிற் கொள்க:

1. முதலில் ‘கிளினிக் கெசிஹாத்தான்’ எனப்படும் அரசாங்க மருந்தகத்திற்குச் செல்க. குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்டே. தேவைப்படின் மருத்துவர் உங்களைத் தோல் நோய் நிபுணரிடம் அனுப்புவார்.

2. தனியார் மருந்தகம் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா, மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்தவரா எனக் கேட்டறிக. கேட்பது உங்கள் உரிமை, அதில் வெட்கமில்லை.

3. மருந்துப் பெட்டியில் ‘மால்’ என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண் உள்ளதா எனக் காண்க.

4. மினோக்சிடில் என்னும் பூசுமருந்தின் பயன் தெரியச் சில மாதங்களாகும். நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். பினாஸ்டரைட் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றி உண்ணலாகாது. உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடவும் கூடாது.

5. ஒரே நாளில் அடர்ந்த முடி தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரிடம் கையொப்பமிடாதீர்.

முடி குறைந்தமையால் ஒருவருடைய உழைப்போ மதிப்போ குறைவதில்லை. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்போம்.