கற்றாழைத் தொட்டியில் இடம் இல்லை!

பாடம் 12: செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டு ஜன்னல் ஓரத்தில் கற்றாழை இருக்கிறதா? இல்லையென்றால், தெரிந்தவர் வீட்டில் பாருங்கள். இலைகள் தடித்து நீண்டு இருக்கும். ஓரத்தில் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். இலையைக் கீறினால் உள்ளே கண்ணாடி போன்ற, வழுவழுப்பான சதை தெரியும். இந்தச் சதையைச் 'சோறு' என்பார்கள். அதனால்தான் இந்தச் செடிக்குச் சோற்றுக்கற்றாழை என்று பெயர். நாம் சாப்பிடும் சோறு வேறு, இந்தச் சோறு வேறு!

இந்தச் சோற்றில்தான் கற்றாழை தண்ணீரைச் சேமித்து வைக்கிறது. தமிழ்நாட்டில் சிலர் கற்றாழையை வேரோடு எடுத்து, வீட்டு வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதற்கு மண் இல்லை. தண்ணீரும் இல்லை. ஆனாலும் பல நாள் பச்சையாகவே இருக்கும்.

கன்றுகள்

வளர்ந்த கற்றாழையின் அடியிலிருந்து சிறிய செடிகள் முளைக்கும். இவை பக்கக் கன்றுகள். பசுவின் குட்டியும் கன்று, சிறு செடியும் கன்று. வாழைக்கன்று, மாங்கன்று என்று சொல்கிறோம். இளம் தென்னையைத் 'தென்னம்பிள்ளை' என்கிறோம்.

ஒரே தொட்டியில் தாயும் ஐந்து கன்றுகளும் இருந்தால் என்ன ஆகும்? வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் போட்டி வரும். கன்றுகள் ஒல்லியாகி ஒரு பக்கம் சாயும்.

பேசிப் பார்ப்போம்

(இருவர் இருவராகச் சேர்ந்து படியுங்கள். பாட்டி ஊரிலிருந்து வீடியோவில் பேசுகிறார்.)

பேரன்: பாட்டி, அம்மா கத்தாழைக் கன்னைப் பிரிக்கச் சொல்றாங்க. எனக்குப் பாவமா இருக்கு. அது அதோட அம்மாகூடவே இருக்கட்டுமே?

பாட்டி: தொட்டியைக் காட்டு கண்ணா. அடடா, இப்படி நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கே! கன்னு எவ்வளவு உசரம் இருக்கு?

பேரன்: என் உள்ளங்கை அளவு.

பாட்டி: அப்போ அதுக்குத் தனியா வேர் வந்திருக்கும். வேர் இருந்தா பொழைச்சுக்கும். வேர் விடாத குட்டிக் கன்னை மட்டும் இப்போ எடுக்காதே.

பேரன்: போன தடவை ஒண்ணை எடுத்து நட்டேன் பாட்டி. தினமும் தண்ணி ஊத்தினேன். அது அழுகிப் போச்சு.

பாட்டி: உன் பாசம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு! கத்தாழை தாகத்தைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. இந்தத் தடவை எடுத்ததும் ரெண்டு நாள் காய விடு.

பேரன்: தண்ணி இல்லாம செத்துடாதா?

பாட்டி: நம்ம வாசல்ல தொங்குதே, அதுக்கு யாரு தண்ணி ஊத்தறா?

எப்படிப் பிரிப்பது?

பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். குளிர் நாடுகளில் வசந்த காலமும் கோடையின் தொடக்கமும் இதற்கு ஏற்ற காலம்.

1. நான்கைந்து நாளுக்கு முன்பே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். காய்ந்த மண் எளிதில் உதிரும்.

2. பழைய செய்தித்தாளை விரியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். இலையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

3. மண்ணை உதிர்த்து, வேர்களை மெதுவாகப் பிரியுங்கள். கன்று தாயோடு ஒட்டியிருந்தால், பெரியவர் சுத்தமான கத்தியால் வெட்டட்டும்.

4. தாயையும் கன்றுகளையும் நிழலில் இரண்டு நாள் வையுங்கள். வெட்டுக்காயம் காய்ந்து மூடிக்கொள்ளும். ஈரக் காயத்தோடு நட்டால் அழுகிவிடும்.

5. அடியில் ஓட்டை உள்ள தொட்டிகளை எடுங்கள். ஒரு பங்கு தொட்டி மண்ணோடு ஒரு பங்கு பருமணலைக் கலந்து நிரப்புங்கள். வேர் மறையும் அளவுக்கு நடுங்கள்.

6. ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு ஒரு முறை ஊற்றுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த முறை ஊற்ற வேண்டும். வெளிச்சமான இடத்தில் வையுங்கள். சுள்ளென்ற வெயில் உடனே வேண்டாம்.

கவனம்! வெட்டிய இடத்தில் மஞ்சள் நிறப் பால் வடியும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். வாயில் வைக்கவே கூடாது. கற்றாழை பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதல் சில வாரங்கள் கன்று வளராதது போலவே தெரியும். பிடுங்கிப் பார்க்காதீர்கள்! அது மண்ணுக்குள் வேர் விட்டுக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு புது இலை எட்டிப் பார்த்தால், வேர் பிடித்துவிட்டது என்று பொருள். தாய்ச்செடியைப் பாருங்கள். இடம் கிடைத்ததும் அதுவும் நிமிர்ந்திருக்கும்.

பேச்சும் எழுத்தும்

கத்தாழை – கற்றாழை
கன்னு – கன்று
உசரம் – உயரம்
பொழைச்சுக்கும் – பிழைத்துக்கொள்ளும்
தண்ணி ஊத்தினேன் – தண்ணீர் ஊற்றினேன்

பயிற்சி

1. முதலில் நட்ட கன்று ஏன் அழுகியது?
2. பாட்டி ஏன் கன்றின் உயரத்தைக் கேட்டார்?
3. பேரன் பேசியவற்றை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
4. உங்களிடம் ஒரு கன்று இருந்தால் யாருக்குக் கொடுப்பீர்கள்? அதை எப்படி வளர்க்க வேண்டும் என்று அவருக்கு ஐந்து வரியில் எழுதிக் கொடுங்கள்.