சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் என்ன நடக்கிறது?

பெங்களூரு நீலசந்திராவில் ஒரு பூக்கார அம்மா. ஆறு வருடமாக அவருக்குச் சர்க்கரை நோய். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவார். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பார். சர்க்கரை குறைவாக இருக்கும். உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார். நம்மில் பலர் செய்வதுதான்!

இந்த முறை நர்சம்மா விடவில்லை.

"சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாங்கம்மா. இன்னொரு தடவை பார்க்கணும்."

வந்தார். 260 இருந்தது.

"காலையில் நல்லாத்தானே இருந்தது?" என்றார் பூக்கார அம்மா.

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. இன்சுலின் சர்க்கரையை உடலுக்குள் அனுப்புகிறது. இது பலருக்கும் தெரியும்.

இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எண்ணெய், நெய், கறி இவற்றின் கொழுப்பும் ரத்தத்தில்தான் கலக்கிறது. அதை எடுத்துச் சேமிக்க இன்சுலின் உதவுகிறது. சேமித்த கொழுப்பு வெளியே வராமலும் தடுக்கிறது.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் முதலில் இன்சுலின் குறைவதில்லை. சிலருக்கு அதிகமாகவே இருக்கும். ஆனால் உடல் அதன் பேச்சைக் கேட்பதில்லை. சாப்பிட்டதும் வரவேண்டிய இன்சுலின் தாமதமாக வருகிறது. நாளாக ஆகக் கணையமும் களைத்துவிடுகிறது. அதனால் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது. கொழுப்பும் நிற்கிறது. மதியம் சாப்பிட்ட பிரியாணியின் கொழுப்பு இரவு வரை ரத்தத்தில் சுற்றும். அதற்குள் அடுத்த சாப்பாடு! இப்படியே போனால் ரத்தக் குழாய் அடைபடும். மாரடைப்பு, பக்கவாதம் வரலாம்.

இன்சுலினை 1921-இல் கனடாவில் கண்டுபிடித்தார்கள். 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர்.

"அப்போ பிரியாணியே கூடாதா?"

"எப்போதாவது கொஞ்சம் சாப்பிடுங்க. தினமும் சோற்றைக் குறைங்க. காயும் பயறும் கூட்டுங்க. ராகிக் களியானாலும் அளவு வேணும். சாப்பிட்டதும் உட்காராம கொஞ்சம் நடங்க. டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதீங்க."

கொழுப்புப் பரிசோதனைக்கும் சீட்டு வந்தது. பூக்கார அம்மா கூடையை எடுத்துக்கொண்டார்.

"மறுபடி எப்போ வரணும்?"

"மூணு மாசம் கழிச்சு. மூணு மாசச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும் பரிசோதனை ஒண்ணு இருக்கு. ஒரு ராத்திரி பட்டினி கிடந்து அதை ஏமாத்த முடியாது. சாப்பிட்டுட்டே வாங்க!"