வெயில் படாத இடத்தில் ஒரு கறுப்பு

மெலனோமா எனும் தோல் புற்றுநோய் என்றாலே வெள்ளைத் தோல், கடற்கரை, வெயில் என்றுதான் நம்மவர்களுக்கு நினைப்பு. நம் நிறத்துக்கு அது அரிதுதான். வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத இடத்தில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கடியில் வந்தது. கால்பந்தில் பட்ட அடி என்று இருந்தார்கள். 1977இல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை. புண் ஏதும் இருக்கிறதா என்று அவர் பாதத்தைப் பார்ப்பது என் வேலை. குதிகாலில் இருந்த கறுப்புத் திட்டு அப்படித்தான் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் கருகரு, மறுபக்கம் பழுப்பு, ஓரமெல்லாம் கோணல். "உள்ளங்கால்ல மச்சம்னா ஊர் சுத்துற யோகம்டி" என்று சிரித்தார். பக்கத்து வீட்டில் கால் ஆணி என்றார்கள், கார்ன் கேப் ஒட்டச் சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் உடனே சுட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை.

அந்தப் பிடிவாதம்தான் காப்பாற்றியது. தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார், திட்டை முழுசாக வெட்டியெடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். மெலனோமாதான்; ஆனால் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் தோலை எடுத்ததோடு சிகிச்சை முடிந்தது. இந்த நோயில் அடுத்து என்ன செய்வது என்பதைப் பெரிதும் அந்த ஆழமே சொல்லும். சுட்டுக் கருக்கிவிட்டால் எதை அளப்பது? கறுப்புத் திட்டை யார் சுடவோ லேசர் வைக்கவோ வந்தாலும், "பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள்.

நகத்தில் குழப்பம் அதிகம். அடிபட்ட ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்துவிடும். பல விரல்களில் மெல்லிய கறுப்புக் கோடு நம்மிடையே சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு படர்ந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஆறாத புண்ணும் அப்படியே. சந்தேகமான திட்டைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போனில் படமெடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும். அதற்காக மாதக்கணக்கில் படம் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

குளித்து முடித்ததும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பாதத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.