புலாலின்றிப் புரதம் பெறுமாறு

சைவபாடசாலைகளிலே கற்பிக்கும் உபாத்தியாயர்களாகிய நாம், மாணாக்கர் புலாலுண்ணாதிருத்தல் வேண்டுமென்று போதிக்கின்றோம். நாவலரவர்களின் நான்காம் பாலபாடத்திலே புலாலுண்ணலைக் கடிந்து ஒரு பாடமே உளது; திருவள்ளுவரும் புலான்மறுத்தலை ஓர் அதிகாரமாக வகுத்தனர். புலால் ஏன் விலக்கற்பாலது என்பதை நாம் செவ்வையாக விளக்குகின்றோம். அதனை விலக்கியபின் எதனை உண்ணவேண்டும் என்பதையோ சொல்லாது விட்டுவிடுகின்றோம்.

பூநகரி கடனீரேரியை அடுத்த ஊர். மீனும் இறாலும் நண்டும் வீட்டு வாயிலிலே வந்து விலைப்படும். இங்கே ஒரு தாய், "மீனை நிறுத்தினால் பிள்ளைக்குச் சதை எப்படிப் பிடிக்கும், மாஸ்ரர்?" என்று வினாவுவாளாயின் அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை சொல்லமாட்டாத போதகனை அவள் மதிப்பளென்று எதிர்பார்த்தல் கூடாது. மீனை விட்டு, சோறும் தேங்காய்ச் சம்பலும் ஒரு கீரையுமாக உண்ணும் பிள்ளை சைவபோசனம் உண்கின்றது மெய்யே. நற்போசனம் உண்கின்றது என்பது அதனாற் பெறப்படாது.

இனி, சதையை வளர்ப்பது யாதெனின், புரதம் என்னும் சத்தாம். தசையும் தோலும் மயிரும் இரத்தமும் அதனால் ஆயின. உலக சுகாதார நிறுவனமும் அதனோடு சேர்ந்த நிறுவனங்களும் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் போதும். 50 கிலோ நிறையுள்ளவர்க்கு ஏறக்குறைய 42 கிராம். வளரும் பிள்ளைக்கும் கருப்பவதிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறைக்கேற்ப இதனினும் மிகுதி வேண்டும்.

அரிசி 100 கிராமிலே 7 கிராமளவு புரதமும் 350 கலோரியளவு வெப்பமும் உள. நம்மூர் மொட்டைக்கறுப்பன் சுவையாலும் தவிட்டாலும் மேம்பட்டது. ஆயினும் அதுவும் அரிசியே. 42 கிராம் புரதத்தைச் சோற்றிலே மாத்திரம் பெற நினைப்பவன் நாடோறும் 600 கிராம் அரிசியைச் சமைத்துண்ணல் வேண்டும். அதனால் 2,100 கலோரி உடலிற் சேரும். கறியும் தேங்காயும் இக்கணக்கிற் சேரவில்லை. வயலிலே ஏரோட்டிய பாட்டனாருக்கு அஃது எரிந்துபோயிற்று. கதிரையிலிருந்து கற்பிக்கும் நம்மனோர்க்கு அது வயிற்றிலே தங்கி, நீரிழிவுக்கு வழிதிறக்கின்றது. ஆகவே புரதம் மிகுதியாகவும் கலோரி குறைவாகவும் உள்ள பொருளைத் தேடல் பிள்ளைக்கும் வேண்டும், உபாத்தியாயர்க்கும் வேண்டும்.

இதனை அளக்க ஓர் எளிய முறை உண்டு. 100 கலோரி தரும் அளவிலே எத்தனை கிராம் புரதம் உண்டென்று காண்க. அரிசியில் 2. குரக்கனிலும் அஃதே, சிறிது கூடலாம். தேங்காயில் 1 மாத்திரமே. கச்சானில் நாலரை. பால் 5. கடலையும் ஏறத்தாழ அவ்வளவே. பயறு, உழுந்து, கொள்ளு, மைசூர்ப் பருப்பு ஆகிய நான்கும் 7 என்னும் அளவில் நிற்கும். ஆடை நீக்கிய பால் 10. கொழுப்புக் குறைந்த மீனோ 20 அளவினது. இதனை மறைத்துப் பேசுதல் நமக்குத் தகாது. மீனை ஒரு துண்டுக்கு ஒரு துண்டாக ஈடுசெய்யும் தானியம் இல்லை. பல பொருளைச் சேர்த்தே ஈடுசெய்தல் வேண்டும். அங்ஙனம் செய்தல் அரிதன்று.

எங்ஙனமெனின், புரதம் ஒரே பொருளன்று. அமினோ அமிலம் எனப்படும் பல கூறுகளின் கோவை. அரிசியிலே லைசீன் என்னுங் கூறு குறைவு. பயற்றிலும் உழுந்திலும் அது மிகுதி. இவற்றிலே குறைவான மெதியோனீன் அரிசியிலே போதியவளவு உண்டு. ஆதலின் உழுந்தும் அரிசியும் சேர்ந்த இட்டலி, பயறிட்ட பொங்கல், பருப்புஞ் சோறும் ஆகிய இவை ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புமாறு அமைந்தன. நம் அடுக்களையிலே முன்னோர் இதனைப் பெயர் அறியாது செய்துவந்தனர். குன்னூர் ஆராய்ச்சிச்சாலையின் தலைவராயிருந்த எய்க்குறோயிட் என்னும் அறிஞர் இந்திய உணவுப்பொருள்களின் சத்தை அளந்து 1937 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்; பருப்புவகைகளின் பெருமை அதனால் எண்களாகவும் விளங்கிற்று. 2009 ஆம் ஆண்டிலே வன்னிமக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தபொழுது, நிவாரணமாக அரிசியும் மாவும் சீனியுங் கொடுத்தவர்கள் பருப்பையும் உடன் அளந்துகொடுத்தமை காரணமின்றியன்று.

சோயாவைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவினாற் செய்து கடைகளில் விற்கப்படும் சோயா மீற், உலர்நிலையில் பாதியளவு புரதமே. 100 கலோரிக்கு 15 கிராம் வரை தரும். இவ்வகையிலே மீனுக்கு அணித்தாய் நிற்பது இதுவே. சோயாவின் புரதம் தன்னளவிலும் ஏறக்குறைய நிறைவானது. தாய்மார்க்கும் குழந்தைகட்கும் 1973 முதலாக இலங்கையில் வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவிலும் சோளத்தோடு சோயா சேர்க்கப்பட்டுளது. ஆனால் பொதியினுள்ளே வரும் சுவைத்தூளில் உப்பு மிகுதி. அதனை நீக்கி, நம் வீட்டுக் கறித்தூளையிட்டுச் சமைத்தல் நன்று. புலாலை வெறுப்பவர்க்கு விற்கும் பண்டத்திற்குக் கோழிச் சுவை, இறாற் சுவை என்று பெயரிடும் வியாபாரிகளின் சாதுரியம் நகைப்பிற்குரியது. இனி, பலாக்காயைக் கறிசமைத்து, இறைச்சிபோல இருக்கின்றதென்று மகிழ்வாருளர். இருப்பது தோற்றமே, 100 கிராமில் 2 கிராமளவு புரதந்தான். நாம் எறிந்துவிடும் பலாக்கொட்டையிலே அதன் மும்மடங்கு உண்டு. மழைக்காலத்துக் காளான், கலோரி மிகக் குறைந்த நல்லுணவு. இன்னதென்று ஐயமறத் தெரிந்தவரே அதனைப் பறித்தல் வேண்டும்.

தின்பண்டங்களே பெருந்தீங்கு செய்கின்றன. உழுந்து வடையிலே உழுந்து நல்லது; எண்ணெயோ ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. பயற்றம் பணியாரத்திற்கும் இதுவே நியாயம். அதே உழுந்தை இட்டலியாகவும், அதே பயற்றை அவியலாகவும் உண்டால் இழப்பொன்றுமில்லை. அவித்த பயறு 100 கிராம் 105 கலோரியும் 7 கிராம் புரதமும் தரும், வயிறும் நிறையும். முளைப்பயற்றில் வெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்து, தேங்காய்ப்பூவைச் சிறிதே தூவி இடைவேளையில் உண்ணலாம். முளைத்தலாற் புரதம் பெருகுவதில்லை. விற்றமின் சீ உண்டாகின்றது, இரும்புச்சத்தும் எளிதிற் சேர்கின்றது. தேநீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அவ்விரும்பு வீணாகும். ஒரு மணிநேரம் பொறுத்துக் குடிக்க. வறுத்த கடலை, ஆடை நீக்கிய மோர், சீனி குறைத்த சத்துமா ஆகியனவும் நல்லனவே. கச்சானும் எள்ளுருண்டையும் மெலிந்த பிள்ளைக்கு மிக நல்லன. பருத்தவர்க்கு ஒரு பிடியோடு நிறுத்தற்பாலன.

ஒன்று மறத்தலாகாது. இரத்தத்துக்கும் நரம்புக்கும் இன்றியமையாத விற்றமின் பீ 12 மரக்கறியிலும் தானியத்திலும் இல்லை. பாலையும் தயிரையும் விடாது கொள்ளல் சைவர்க்கு அவசியம். அவற்றையும் கொள்ளாதார் வைத்தியரை வினாவி மாத்திரை பெறுக.

செலவைப்பற்றி ஆசங்கை எழும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே பருப்புவகையின் விலையேற்றத்தை யாவரும் கண்டோம். ஆயினும் வன்னிமண்ணிலே உழுந்தும் பயறும் கௌபியும் விளைவன. பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தி பயறு இரண்டரை மாதத்துக்குள் காய்தரும். முருங்கை ஒன்று வேலியோரம் நின்றாற் கீரைக்குக் குறைவில்லை.

வகுப்பிலே இதனைக் கணக்குப் பாடமாக நடத்தலாம். மாணாக்கர் ஒவ்வொருவரும் முந்தின நாள் உண்டவற்றை எழுதுக. 300 கிராம் அரிசிக்கு 21, 60 கிராம் பயற்றுக்கு 14, 40 கிராம் பருப்புக்கு 9, ஒரு குவளை பாலுக்கு 6 என்று கூட்டினால் 50 வரும். பயற்றையும் பருப்பையும் நீக்கிக் கூட்டச் சொல்லுக. 27 என்று காண்பர். காலையுணவின்றி வரும் பிள்ளையின் கணக்கு அதனினுங் குறைவாயிருக்கும். அத்தாளை உரக்க வாசிக்கச் செய்யற்க. தனியே வாங்கிப் பார்த்து, அப்பிள்ளையின் வீட்டாரோடு பேசுக.