தடைக்காலத்தில் காட்டாற்றங்கரை

காரைக்கால் கருக்களாச்சேரி வாசகத் தம்பிக்கு,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கையில் வேலை இருக்காது, அந்த நாட்களில் கூட்டாளிகளோடு எங்காவது காட்டுக்குள் போய் ஆற்று மணலில் கூடாரம் அடித்து இரண்டு ராத்திரி கிடந்துவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணலில் படுப்பது எங்களுக்குப் புதிதா என்றும் ஒரு வரி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டாற்றங்கரைக்குப் போகலாம், பக்கத்தில் தங்கவும் செய்யலாம். ஆனால் மணலில் படுக்க வேண்டாம்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் ஆற்றோரம் கூடாரம் போட்டுச் சமைப்பதைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்திருக்கும். அங்கே தேசிய வனங்களில் பல இடங்களில் காசு கட்டாமலே 14 நாள் வரை தங்க விடுகிறார்கள். நம்மிடம் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பதே குற்றம், தீ மூட்டினால் இன்னொரு குற்றம். 1882இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்னும் நடப்பில் இருக்கிறது. அது மரத்தைக் காசாகப் பார்த்தவன் போட்ட சட்டம், அதில் எனக்கு நிறையப் பிணக்கு உண்டு. ஆனால் ராத்திரி ஆற்றங்கரை விஷயத்தில் மட்டும் நான் வனத்துறைப் பக்கம். அமெரிக்காவில் கரடி உண்டு, யானை கிடையாது.

உங்களுக்கு ஓய்வு கிடைக்கிற காலம்தான் காட்டுக்கு நெருக்கடியான காலம். ஏப்ரல், மே மாதங்களில் குட்டையும் ஓடையும் வற்றிப்போய் ஆறு ஒன்றுதான் மிஞ்சும். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பகலெல்லாம் நிழலில் நின்றுவிட்டுப் பொழுது சாய்ந்தபின் ஆற்றுக்கு இறங்கும். இறங்குவதற்கு அது எப்படிப்பட்ட இடத்தைத் தேடும் என்று நினைக்கிறீர்கள்? கல் இல்லாமல், செங்குத்தாக இல்லாமல், சரிவாக மணல் விழுந்த இடம். கூடாரம் அடிக்க நீங்கள் தேடுவதும் அதே இடம்தான். லத்தி கிடக்கிறதா, மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் சேறு தேய்த்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும், அது யாருடைய துறை என்று. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் காட்டை ஒட்டிய ரிசார்ட் ஒன்றில் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை கொன்றது. ரிசார்ட்டில் காசு வாங்கிக்கொண்டு போட்டுக்கொடுத்த கூடாரம் அது. காசு கட்டினால் பத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தீயும் அப்படித்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது நினைவிருக்கும். மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல்லில் பிடித்த தீயை மனிதன் ஓடி வெல்ல முடியாது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அடுப்புக் கூட்டி மீன் வறுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கருவாட்டு மூட்டையும் வேண்டாம். உப்புக்கும் அரிசிக்கும் மலையடிவாரத்தில் வீட்டுச் சுவரையே யானை இடித்திருக்கிறது.

எங்கே போவது? என்னைக் கேட்டால் பவானி. காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் போகும் ரயிலில் கோவை போய், அங்கிருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாகப் பரளிக்காடு. பில்லூர் அணையின் பின்தண்ணீர் அங்கே மலைக்கு நடுவே விரிந்து நிற்கும். வனத்துறையும் அங்குள்ள இருளர் ஊர்க்காரர்களும் சேர்ந்து வார இறுதிகளில் பரிசல் விடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள், களி தவறாமல் இருக்கும். பக்கத்தில் பூச்சமரத்தூரில் பவானிக் கரையிலேயே தங்குவதற்கு அறைகள் இருக்கின்றன. முன்பதிவு செய்யாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர்க்காரர் ஒருவர் கூட வராமல் எங்கும் நடக்காதீர்கள். எந்தப் பக்கம் கிளை முறிகிறது, எது குரங்கு, எது யானை என்று காதாலேயே சொல்லிவிடுவார்கள். கடலில் நீரோட்டம் மாறியதைப் படகின் ஆட்டத்திலேயே கண்டுபிடிக்கிற உங்கள் அப்பாவுக்கு இவர்களை உடனே பிடித்துப்போகும்.

ஒரு எச்சரிக்கை. கடலில் நீந்துகிறவனுக்கு ஆறு எம்மாத்திரம் என்று குதித்துவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் உடம்பைத் தாங்குகிற அளவுக்கு நல்ல தண்ணீர் தாங்காது. பாறை இடுக்கில் கசம் இருக்கும், மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும். அணைக்கு மேலே உள்ள குந்தா மின்நிலையங்களிலிருந்து தண்ணீர் விட்டாலும், பில்லூருக்குக் கீழே அணையைத் திறந்தாலும், வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். காற்றைப் பார்த்துக் கடலைச் சொல்லிவிடலாம். அணை கட்டிய ஆற்றை அப்படிச் சொல்ல முடியாது. நீலகிரியில் பிறந்து கேரளத்துக்குள் போய்விட்டு மறுபடி தமிழ்நாட்டுக்குத் திரும்புகிற இந்தப் பவானிதான் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. கும்பகோணம் ஓரமாக வந்து காரைக்காலில் கடலில் விழும் அரசலாற்றிலும் அதன் தண்ணீர் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பவானிசாகரையும் பாசன வாய்க்கால்களையும் தாண்டி மிஞ்சினால்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஏசி அறை போட்ட ரிசார்ட்டுகள் காட்டைச் சுற்றி வேலி மாதிரி நிற்கின்றன. உங்களைப் போன்றவர்கள் பாய் விரித்துப் படுக்க, யானை வராமல் அகழி வெட்டி ஒரு கூரைக் கொட்டகை, பொதுச் சமையல், ஒரு காவலாள் என்று மலையோர ஊர்கள்தோறும் இருந்தால் போதும். கூடாரமே வேண்டாம்.

கோவைவரை போக முடியாவிட்டால், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி தாண்டி முத்துப்பேட்டை இருக்கிறது. வனத்துறையில் அனுமதி வாங்கி ஜாம்புவானோடையில் படகேறினால் கோரையாற்று வழியாக அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். ராத்திரி தங்க முடியாது. முன்பு அந்தக் காட்டை மொட்டையாக வெட்டியதால் தரை குழிந்து, ஏறிய கடல்நீர் வடியாமல் நின்று உப்புக் கட்டி மரம் பட்டுப்போயிற்று. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் மாதிரி கிளை வாய்க்கால்கள் வெட்டி, அலை வந்து போக வழி செய்து கன்றுகள் நட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டைப் பிய்த்துப் போட்டது. படகோட்டியிடம் அந்த வாய்க்கால்களைக் காட்டச் சொல்லுங்கள். ஓதம் ஏறுகிற நேரமாகப் பார்த்துப் போங்கள், அந்தக் கணக்கை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்