நியோன்யா தட்டில் ஒளிந்திருக்கும் தங்கம்

மாணவர்களே, மலாக்காவிலோ பினாங்கிலோ பெரானாக்கான் அருங்காட்சியகங்களுக்குச் சென்றால், இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும் பாத்திரங்களைக் காண்பீர்கள். பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் தீட்டிய இவற்றை ‘நியோன்யா பீங்கான்’ என்பார்கள். திருமணம், புத்தாண்டு போன்ற நாள்களில்தான் அலமாரியை விட்டு இறங்கும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரும்பாலும் சீனாவின் ஜிங்டெசென் நகரில் செய்யப்பட்டவை. (‘பீங்கான்’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். மலாய்மொழியில் தட்டைக் குறிக்கும் ‘பிங்கான்’ என்பதும் அதன் உறவுதான்.)

பாத்திரம் சீனாவுடையது, ஆனால் அந்த இளஞ்சிவப்பின் கதை ஐரோப்பாவுக்குப் போகிறது.

தங்கத்தை இராஜ திராவகத்தில் கரைத்து வெள்ளீய குளோரைடு சேர்த்தால் ஊதா வீழ்படிவு கிடைக்கும். 1685இல் இதைப் பற்றி எழுதிய அந்திரேயாஸ் காசியுஸின் பெயரால் இது ‘காசியுஸ் ஊதா’ எனப்படுகிறது. 1720களில் தங்கத்தால் ஆன இளஞ்சிவப்பு சீனப் பீங்கானில் இடம்பிடித்தது. சீனர்களே இவ்வகை வண்ணங்களை ‘யாங்சாய்’, அதாவது அயல்நாட்டு வண்ணம் என்றார்கள். பிறகு 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜாக்மார் ‘ஃபாமி ரோஸ்’ (ரோஜாக் குடும்பம்) என்று பெயரிட, இன்று உலகம் முழுவதும் அந்தப் பிரெஞ்சுப் பெயரே நிலைத்துவிட்டது!

மஞ்சள் தங்கம் எப்படிச் சிவக்கும்? எனாமலில் அது சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகச் சிதறியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். இத்தனை நுண்ணிய தங்கம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வரும். வெள்ளை எனாமலோடு சேரும்போது அது இளஞ்சிவப்பாகிறது. துளித் தங்கமே போதும். பச்சைக்குக் காரணம் தாமிரம். படிவம் 4 வேதியியலில் ‘உன்சுர் பெராலிஹான்’ படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

பீங்கான் சுமார் 1300 பாகை செல்சியஸில் சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் இவ்வண்ணங்கள் கெட்டுவிடும். அதனால் மெருகின் மேல் தீட்டி, 700 முதல் 800 பாகையில் மீண்டும் சுடுவார்கள். அவ்வளவு குறைந்த வெப்பத்தில் எனாமல் உருக வேண்டுமே! அதற்காகச் சேர்த்தது ஈயம்.

இங்கேதான் கவனம் தேவை. அமிலம் ஈயத்தைக் கரைத்து வெளியே இழுக்கும். பழைய நியோன்யா தட்டு வீட்டில் இருந்தால் அதில் புளிக்குழம்போ அசாம் பெடாசோ பரிமாறாதீர்கள். அலமாரியில் வைத்து, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பூவிதழ்கள் மெருகுக்கு மேல் சற்றே புடைத்திருப்பது தெரியும்.